மரியன்னை கோலத்தில் மன்னரின் ஆசைநாயகி: பீட்டர் லீலியின் ஓவியம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் 6725 என்ற எண்ணில் ஒரு தாயும் பிள்ளையும் இருக்கும் ஓவியம் உள்ளது. கித்தானில் எண்ணெய் வண்ணம், உயரம் 124.7 செ.மீ., அகலம் 102 செ.மீ. வரைந்தவர் பீட்டர் லீலி. காலம் 1664 வாக்கில். சிவப்பும் நீலமுமான உடையில் ஒரு பெண், கையணைப்பில் ஒரு குழந்தை. பெயர்ப்பலகை இல்லாமல் தேவாலயச் சுவரில் மாட்டியிருந்தால், வருகிறவர்கள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் போவார்கள்.

ஆனால் அங்கே இருப்பவர் பார்பரா வில்லியர்ஸ், இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் ஆசைநாயகி. குழந்தை, மன்னருக்கும் அவருக்கும் பிறந்த சார்லஸ் ஃபிட்ஸ்ராய் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. கலை நிதியம் உள்ளிட்டோரின் உதவியோடு 2005இல் இந்த அருங்காட்சியகம் ஓவியத்தை வாங்கியது.

இத்தகைய படம் எப்படி உருவானது, ஒரே படத்துக்குப் பல பிரதிகள் இருக்கும்போது முதல் பிரதியை எதை வைத்துக் கண்டுபிடிப்பது, முந்நூற்றைம்பது ஆண்டுகளில் பூச்சுக்கு என்னென்ன நேரும் என்பவைதான் இங்கே பேச்சு. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: லீலி தீட்டிய பெண்களின் முகத்தை வைத்து ஆளையும் உறுதி செய்ய முடியாது, வரைந்த கையையும் உறுதி செய்ய முடியாது. இரண்டுக்கும் சாட்சி முகத்தைச் சுற்றித்தான் கிடைக்கும்.

கோலமும் காலமும்

பார்பரா பிறந்தது 1640இல். 1659இல் ரோஜர் பால்மரை மணந்தார். அடுத்த ஆண்டு நாடு திரும்பி அரியணை ஏறிய சார்லஸோடு உறவு ஏற்பட்டது. 1661இல் கணவருக்குக் காஸில்மெய்ன் பிரபு பட்டம் கிடைத்தது. பட்டயத்தில் ஒரு நிபந்தனை: பட்டம் பார்பராவின் வயிற்றில் பிறக்கும் ஆண் வாரிசுகளுக்கே போகும். பட்டம் யாருக்காகத் தரப்பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

1662இல் மன்னர் போர்த்துகல் இளவரசி கேதரினை மணந்தார். பம்பாய் சீதனமாக வந்தது இந்தத் திருமணத்தில்தான். புது ராணியின் அந்தரங்கப் பணிப்பெண்கள் வரிசையில் பார்பராவையும் வைக்க வேண்டும் என்று மன்னர் பிடிவாதம் பிடித்து, அழுத ராணியை மீறி அதைச் சாதித்துக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில் பார்பராவுக்கு மகன் சார்லஸ் பிறந்தான். கணவர் அவனுக்குக் கத்தோலிக்க முறைப்படி ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார். சில நாட்களில் மன்னர் தரப்பு ஆங்கிலத் திருச்சபை முறையில் மறுபடியும் கொடுக்க வைத்தது. அநேகமாக இந்தப் பிள்ளைதான் படத்தில் தெய்வக் குழந்தையின் இடத்தில் இருக்கிறான். பார்பராவுக்குப் பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தன: 1663இல் ஹென்றி, 1664இல் ஷார்லட், 1665இல் ஜார்ஜ். ராணிக்கோ பிள்ளை இல்லை, பிறகும் பிறக்கவில்லை. அரண்மனையில் அந்த நேரத்தில் தாயும் மகனுமாக ஒரு படம் வரைந்துகொள்வது சாதாரண பக்தி விஷயமாக இருந்திருக்க முடியாது. 1663இன் கடைசியில் பார்பரா கத்தோலிக்கத்துக்கு மாறியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கோலம் அவருடைய விருப்பப்படியே அமைந்தது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

லீலி அவரை இந்த ஒரு கோலத்தில் மட்டும் தீட்டவில்லை. கூந்தலை அவிழ்த்துவிட்டு, தலையைக் கையில் தாங்கிய மகதலேனா மரியாளாக. ஈட்டியும் தலைக்கவசமும் மெடூசா தலை பொறித்த கேடயமுமாக மினர்வா தேவியாக. சக்கரத்தைச் சின்னமாகக் கொண்ட புனித கேதரினாகவும்கூட. கடைசியாகச் சொன்னதில் குறும்பு அதிகம். புனித கேதரின், ராணியின் பெயர்ப் புனிதை. ராணியைப் புனித கேதரினாக ஜேகப் ஹைஸ்மன்ஸ் வரைந்து வைத்திருந்ததை 1664 ஆகஸ்டிலேயே கடற்படை அலுவலக அதிகாரி சாமுவேல் பீப்ஸ் பார்த்து நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே புனிதையின் கோலத்தை ஆசைநாயகியும் எடுத்துக்கொண்டார்.

படத்துக்கு 1664 என்ற ஆண்டு எப்படி வந்தது? குழந்தையின் வயதைக் கண்ணால் அளந்துதான். படத்திலிருப்பது சுமார் இரண்டு வயதுப் பிள்ளை என்றால், சார்லஸுக்கு 1664 பொருந்தும். அவன் தம்பி ஹென்றி என்றால் 1665க்குத் தள்ள வேண்டும். குழந்தையின் பெயரை வைத்து ஆண்டைச் சொல்கிறோம், ஆண்டை வைத்துப் பெயரைச் சொல்கிறோம் என்ற வட்டத்துக்குள் இது சிக்கியிருக்கிறது. உடையும் கைகொடுக்காது. லீலி தன் பெண்களுக்கு அன்றைய கடைத்தெரு உடையைப் போடுவதில்லை. நாகரிகம் மாறினாலும் படம் பழசாகிவிடாதபடி தளர்வான பட்டு அங்கியும் போர்வையுமாகச் சுற்றிவிடுவார். வாங்குபவருக்கு அது லாபம். காலம் குறிப்பவருக்குத்தான் தலைவலி. அதனால்தான் குழந்தையின் பெயருக்கு முன்னால் 'அநேகமாக' என்ற சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டறை

லீலி 1618இல் வெஸ்ட்ஃபாலியாவின் சோஸ்ட் நகரில் டச்சுப் பெற்றோருக்குப் பிறந்தவர். பிறப்பில் பெயர் பீட்டர் வான் டெர் ஃபாஸ். ஹார்லெமில் தொழில் கற்று 1640களின் தொடக்கத்தில் லண்டன் வந்தார். 1661இல் அரசரின் தலைமை ஓவியரானார்; ஆண்டுக்கு 200 பவுண்டு ஊதியம். கோவென்ட் கார்டனில் இருந்த அவருடைய பட்டறைக்குக் கூட்டம் குறையவே இல்லை.

அந்தப் பட்டறையை ஒரு தொழிற்கூடமாகப் புரிந்துகொள்ளாவிட்டால் இந்தப் படத்தில் எதுவும் விளங்காது. அளவுகள் முன்பே தீர்மானமானவை. தலையும் தோளும் மட்டும் என்றால் ஏறத்தாழ 30க்கு 25 அங்குலம்; முழங்கால் வரை என்றால் 50க்கு 40. இந்த இரண்டாவதைத்தான் தொழிலில் அரை ஆள் என்று கணக்கிட்டார்கள். 1671இல் அவர் வாங்கிய கூலி தலைக்கு 20 பவுண்டு, அரை ஆளுக்கு 30, முழு ஆளுக்கு 60. நம் படத்தின் அளவு 50க்கு 40 அங்குலக் கித்தானையே காட்டுகிறது. 50 அங்குலம் என்பது 127 செ.மீ.; ஆக உயரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் குறைகிறது. இந்த அளவு வித்தியாசம் பழைய கித்தான்களில் சர்வசாதாரணம். சட்டம் மாற்றும்போது ஓரத்தை மடித்து ஆணி அடிப்பதாலும், நைந்த ஓரத்தை நறுக்கிவிடுவதாலும் வருவது. ஒரு பக்கத்தில் பத்து சென்டிமீட்டர் குறைந்தால்தான் படம் வெட்டப்பட்டது என்று சந்தேகப்பட வேண்டும்.

நேரமும் அளந்து கொடுக்கப்பட்டது. 1666 ஜூலை 18 அன்று பீப்ஸ் ஒரு கடற்படைத் தளபதியோடு லீலியிடம் போகிறார். லீலி குறிப்பேட்டைத் திறந்து பார்த்து, ஆறு நாள் கழித்துக் காலை ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் வரச்சொல்கிறார். அமர்ந்திருக்கும் நேரம் முகத்துக்குத்தான். கைக்கும் உடைக்கும் பிரபுவோ பிரபுவின் மனைவியோ உட்கார வேண்டியதில்லை. கைகளையும் தோள்களையும் சாம்பலும் பழுப்புமான தாளில் கருப்பு, சிவப்பு, வெள்ளைச் சுண்ணக்கட்டிகளால் தனியாக வரைந்து வைத்திருப்பார், தேவைப்பட்டபோது எடுத்துக்கொள்வார். உடைக்கும் இதே முறை. 1672இல் சார்லஸ் பீல் என்பவரின் படத்துக்காக லீலி ஓர் இந்திய அங்கியை மாட்டிவிட்டு, அதைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டார் என்று பீலின் குறிப்பேடு சொல்கிறது. ஐரோப்பாவில் அப்போது வீட்டு உடையாகப் பிரபலமாகியிருந்த, கிழக்கிலிருந்து போன தளர்ந்த அங்கி அது.

இந்த சார்லஸ் பீல் நமக்கு முக்கியமான சாட்சி. ஓவியர் மேரி பீலின் கணவர். வண்ணம் தயாரிப்பவர், தான் செய்த லேக் சிவப்பை (சாயத்திலிருந்து எடுக்கும் ஒளிபுகும் சிவப்பு நிறமி) லீலிக்கே கொடுத்தவர். லீலி வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்து எழுதி வைத்திருக்கிறார். 1672 ஜூன் 5ஆம் தேதிக் குறிப்பு ஒன்று பொன்னானது. மதகுரு டிலட்சன் அமர்ந்திருக்கிறார். முதல் பூச்சு போட வேண்டும். கித்தானின் அடிப்பூச்சு நிறம் ரொம்ப வெளுப்பாக இருக்கிறது என்று லீலிக்குப் படுகிறது. சதை நிறம் வைக்கும் முன், முகமும் முடியும் வரவேண்டிய இடம் முழுவதும் கொலோன் மண்ணையும் சிறிது எலும்புக் கரியையும் வார்னிஷில் நன்றாக நீர்க்கக் கரைத்து ஒரு மெல்லிய பூச்சு இழுத்துவிடுகிறார். கொலோன் மண் என்பது பழுப்பு நிலக்கரி சார்ந்த மண்நிறம். இந்த ஒற்றை வரி, பின்னால் வரும் சேதத்துக்கெல்லாம் சாவி. அங்கே மறுபடியும் பார்ப்போம்.

அக்காலத்து லண்டன் முறையைத் தொகுத்தால் வேலை நடந்த வரிசை இப்படி. ஆளிநார்த் துணியைச் சட்டத்தில் இழுத்து, தோல் பசை தடவித் துளையடைப்பார்கள். பசை போடாமல் விட்டால் எண்ணெய் நாருக்குள் இறங்கிச் சில பத்தாண்டுகளில் துணி மொறுமொறுத்து உடையும். அதன்மேல் சுண்ணம், ஈய வெள்ளை, மஞ்சள் அல்லது பழுப்பு மண் சேர்ந்த எண்ணெய் அடிப்பூச்சு. காய்ந்ததும் நுரைக்கல்லால் தேய்ப்பு. பிறகு உருவக்கோடு. அடுத்து முகத்துக்கு முதற்பூச்சு: ஈய வெள்ளை, காவி, கொஞ்சம் சாதிலிங்கம், நிழலுக்குக் கரி. அது காய்ந்தபின் இரண்டாவது, மூன்றாவது அமர்வில் கன்னமும் உதடும் உயிர்பெறும். உடை தனியாக ஏறும். சிவப்பு உடை என்றால் முதலில் காவியும் சாதிலிங்கமும் ஈய வெள்ளையும் கலந்து மடிப்புகளைக் கட்டி, நன்றாகக் காயவிட்டு, மேலே லேக் சிவப்பைக் கண்ணாடிபோல் ஒளிபுகும் மெல்லிய பூச்சாக, அதாவது கிளேஸாக, இழுப்பார்கள். அடிப்பூச்சு காயும் முன்னே கிளேஸ் போட்டால், அடி சுருங்கும்போது மேல்பூச்சு அகன்ற பிளவுகளாக வாய்பிளக்கும். அவசரமாகக் கொடுத்தனுப்பிய படங்களின் சிவப்பில் இந்தப் பிளவை இன்றும் காணலாம்.

உதவியாளர்கள் பெயரளவில் இருந்தவர்கள் இல்லை. பாப்டிஸ்ட் காஸ்பார்ஸ் உடலின் நிலைகளையும் உடைகளையும் பார்த்துக்கொண்டார். லாங்க்ரிங்க் பின்னணி மரம், வானம், பூக்களை. பட்டறையில் நிலைகளுக்கு எண் இருந்தது. வந்தவர் எண்ணைத் தேர்ந்தெடுக்க, அந்த உடலில் அவர் தலை ஏறும். 1680 நவம்பரில் லீலி இறந்தபோது முடியாமல் கிடந்த படங்களின் கணக்கில் இந்த எண்கள் தெரிகின்றன. பல படங்களை உதவியாளர்கள்தான் முடித்துக் கொடுத்தார்கள்.

முகமும் ஓரளவு எண்ணிட்டதுதான் என்று அன்றே பேச்சு இருந்தது. பார்பராவின் பாதி மூடிய, தூக்கம் சொக்கும் கண்களை லீலி எல்லாப் பெண்களுக்கும் கொடுத்துவிட்டார் என்று கிண்டல் செய்தார்கள். அரசவை அழகிகளின் வரிசைப் படங்களை 1668 ஆகஸ்டில் பார்த்த பீப்ஸ், நன்றாக இருக்கின்றன, ஆனால் ஆளின் சாயல் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தப் பெண்களை நேரில் பார்த்த ஒருவரே அப்படிச் சொல்லும்போது, நாம் முகத்தை வைத்து அடையாளம் சொல்வது எவ்வளவு தூரம் செல்லும்?

பிரதிகளைப் பிரிப்பது

பார்பராவின் படங்களுக்கு நாட்டில் தேவை ஏராளம். 1662இலேயே லீலியின் பட்டறையில் அவர் படத்தைப் பார்த்து, தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று ஏங்கியவர் பீப்ஸ். கடைசியில் அவருக்குக் கிடைத்தது 1666 டிசம்பரில் வில்லியம் ஃபெய்தோர்னிடம் வாங்கிய அச்சுப்படம்தான். பட்டறையில் லீலி மேற்பார்வையில் வந்த மறுபிரதி, வெளியே வேறு ஓவியர் எழுதிய நகல், அச்சுப்படத்தைப் பார்த்து எங்கோ நாட்டுப்புறத்தில் எழுதிய நகல் என்று மூன்று தரமும் சந்தையில் ஓடின. ரெமிஜியஸ் வான் லேம்புட் என்ற நகல்காரர், லீலியின் படத்தை லீலியைவிடத் தான் நன்றாக நகலெடுப்பேன் என்று பெருமையடித்ததாக ஒரு கதை உண்டு. நம் படத்தின் ஒரு பிரதியையும் பிரான்சில் ஒரு கன்னியர் மடம் மரியன்னை என்றே நம்பிப் பீடத்தில் வைத்து வழிபட்டு, உண்மை தெரிந்ததும் இறக்கியது என்ற கதை பதினெட்டாம் நூற்றாண்டு முதல் வழங்குகிறது.

ஒரு லீலி பாணிப் படம் மேசைக்கு வந்தால் முதலில் அதைக் குப்புறப் போட வேண்டும். முன்பக்கம் மயக்கும், பின்பக்கம் பேசும். மூலத் துணி தெரிகிறதா, அதன்மேல் வேறு துணி ஒட்டப்பட்டிருக்கிறதா? ஆணி அடித்த ஓரம் இருக்கிறதா? மூலையில் ஆப்பு வைத்துத் தளர்ச்சி நீக்கும் சட்டம் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. அது இருந்தால் சட்டம் பிற்காலத்தது, படத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒட்டாத பழைய துணியில் நேரடியாகக் கித்தான் கடையின் அச்சு முத்திரை இருந்தால், அநேகமாகப் படமே பிற்கால நகல். துணி ஓரத்தில் அலையலையாக நூல் வளைந்திருப்பதைத் தேடுங்கள்: முதன்முதலில் கயிறிட்டு இழுத்தபோது விழுந்து, அடிப்பூச்சோடு இறுகிப்போன வளைவு அது. நாலு பக்கமும் அந்த அலை இருந்தால் படம் அநேகமாக முழு அளவில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இல்லையென்றால் அந்தப் பக்கம் வெட்டியிருக்கலாம். எக்ஸ்ரேயில் இது தெளிவாக விழும்.

எக்ஸ்ரே முக்கியமாகக் காட்டுவது ஈய வெள்ளையை. முதல் பிரதியில் முகத்தின் ஒளிப்பகுதி சீரற்று, தேடித் தேடி வைத்தது போல் இருக்கும். தோள்கோடு ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே என்று மாறியிருக்கும். மடியில் குழந்தை இருக்கும் படங்களில் இன்னொரு இடமும் உண்டு: பிள்ளையின் உடலும் தாயின் கையும் சேருமிடம். ஒன்றுக்காக மற்றொன்றை நகர்த்தாமல் இரண்டு உருவங்களைப் பொருத்துவது கடினம், ஆகவே மாற்றம் நடந்திருந்தால் அங்கேதான் நடந்திருக்கும். நகல்காரருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. எண்ணெய் தடவி ஒளிபுகச் செய்த தாளை மூலத்தின்மேல் வைத்து வரைகோட்டை எடுத்து, தன் கித்தானில் இறக்கிவிடுவார். அவர் எக்ஸ்ரே தடுமாற்றமின்றி, சமமாக, சற்றே தட்டையாக இருக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை. பட்டறையின் உள்ளேயே எண்ணிட்ட நிலையைப் பயன்படுத்தினால் முதல் பிரதியின் உடலிலும் தடுமாற்றம் இருக்காது. எனவே உடையில் மாற்றம் இல்லை என்பதை மட்டும் வைத்து நகல் என்று தீர்ப்பு எழுதக்கூடாது. அதேபோல் அகச்சிவப்புக் கருவியில் அடிக்கோடு தெரியவில்லை என்பதும் சாட்சியாகாது. கரியால் வரைந்தால்தான் தெரியும், வெள்ளைச் சுண்ணக்கட்டியோ பழுப்பு மண்ணோ என்றால் கருவிக்குப் பெரும்பாலும் புலப்படாது.

எங்களுக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றும் இடங்கள் மூன்று: கழுத்து தோளில் இறங்குமிடம், மணிக்கட்டு துணிக்குள் போகுமிடம், நெற்றியில் முடி தொடங்குமிடம். முகத்தை ஒருவரும் துணியை மற்றொருவரும் செய்த படத்தில் துணியின் பூச்சு சதையின் ஓரத்தை ஏறி மிதித்திருக்கும். தையல்காரர் அளவெடுக்காமல் தைத்த சட்டை போல, கழுத்து உடம்பில் சரியாக உட்காராது. இந்த ஓரத்தைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தாலே எது முதலில், எது பின்னால் என்று வரிசை தெரிந்துவிடும். துணியின் ஒளிக்கோடுகளையும் பாருங்கள். லீலியின் கையில் பட்டின் பளபளப்பு ஈரப்பூச்சில் வளைந்து நெளிந்து ஓடும் அகலத் தூரிகை வீச்சு. அந்த வீச்சு மடிப்பின் வடிவத்தையும் சொல்லும். நகலில் கோடு இருக்கும், அடியில் மடிப்பு இருக்காது.

படம் இடவலம் மாறியிருந்து, நிறங்களும் தெரிந்த பிரதிகளோடு ஒத்துவராவிட்டால் அது அச்சுப்படத்திலிருந்து வந்தது. தகட்டில் செதுக்கியது அச்சில் திரும்பி விழும். நிறமோ அச்சில் இல்லை, எழுதியவர் தன் விருப்பத்துக்குப் போட்டிருப்பார்.

நிறமிகளை வைத்துக் காலம் சொல்லலாம், கவனமாக. பிரஷ்யன் நீலம் பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பெர்லினில் பிறந்தது. செயற்கை அல்ட்ராமரின் 1820களின் கடைசியில். முன்பெல்லாம் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப்பொடி அதுதான். டைட்டானியம் வெள்ளை இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. லீலி காலத்து மூலப் பூச்சில் இவை எதுவும் இருக்க வழியில்லை. ஆனால் பழுதுபார்த்த இடங்களில் தாராளமாக இருக்கும். பிரஷ்யன் நீலம் கிடைத்தது என்ற அறிக்கையைப் பார்த்ததும் படத்தைத் தள்ளிவிடாமல், துணுக்கு எடுத்த இடம் எது, அது மூலப்பூச்சின் அடியிலா, பழைய வார்னிஷுக்கு மேலா என்று கேட்க வேண்டும். குறுக்குவெட்டில் அடுக்குகளைப் பார்க்காமல் மேற்பரப்பில் மட்டும் கருவியை வைத்து எடுத்த முடிவுகள் பல படங்களுக்கு அநியாயம் செய்திருக்கின்றன.

நீலப் போர்வை விஷயத்தில் இன்னொரு பொறி. எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியில் கோபால்ட்டும், கூடவே நிக்கலும் ஆர்சனிக்கும் வந்தால் அது ஸ்மால்ட், அதாவது கோபால்ட் கண்ணாடித்தூள். செம்பு வந்தால் செம்புக் கனிம நீலமான அஸுரைட் பக்கம் போகலாம். எதுவுமே வராவிட்டால்? லாபிஸ் லசூலி அல்ட்ராமரினில் இருக்கும் சோடியம், அலுமினியம், சிலிக்கன், கந்தகம் எல்லாம் இலேசான தனிமங்கள். மேலே வார்னிஷும் கீழே ஈயமும் இருக்கும்போது கையடக்கக் கருவிக்கு அவை பிடிபடுவது அரிது. ஆக, ஒன்றும் வரவில்லை என்பதே அல்ட்ராமரினுக்கான குறிப்பாகலாம், அவுரி நீலத்துக்கான குறிப்பும் ஆகலாம். லேசர் ஒளியால் நிறமியை அடையாளம் காணும் ராமன் கருவியிலோ குறுக்குவெட்டிலோ உறுதி செய்ய வேண்டும்.

பூச்சுக்கு நேர்ந்தவை

ஸ்மால்ட் மலிவு, ஆனால் துரோகி. கண்ணாடியிலுள்ள பொட்டாசியம் மெல்ல எண்ணெய்க்குள் கசிய, நீலம் சாம்பலாகி, சாம்பல் பழுப்பாகிறது. ஈய வெள்ளை சேர்ந்த வெளிர் பகுதிகளில் நீலம் சற்றுத் தப்பிப் பிழைக்கும். நிழல்கள்தான் முதலில் போகும். அதனால் பழைய வானங்களில் மேகம் மட்டும் மிஞ்சி வானம் சேறாகக் கிடக்கும். அதை அழுக்கு என்று நினைத்து மேலும் மேலும் துடைத்தவர்கள் உண்டு. துடைத்தால் நீலம் வராது; இருக்கிற பூச்சும் போகும்.

லேக் சிவப்பு ஒளியில் வெளுக்கும். அடியிலிருக்கும் கட்டுப்பூச்சு வெளிப்பட்டு, ஒரு காலத்தில் இரத்தச் சிவப்பாக இருந்த உடை இளஞ்சிவப்பாக நிற்கும். வெளிச்சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த ஒரு விரல் அகல ஓரத்தில் பழைய நிறம் தங்கியிருந்தால், அதைப் புகைப்படம் எடுத்துப் பதிவு செய்யாமல் வேலை தொடங்கக்கூடாது. எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம் என்ற பொதுவிதி இந்தக் கிளேஸ்களை நினைத்தால் தாராளமானதுதான்.

இப்போது பீலின் குறிப்புக்கு வருவோம். முகத்துக்கும் முடிக்கும் அடியில் வார்னிஷில் கரைத்த பழுப்புப் பூச்சு. சதையின் அடியில் அது பத்திரம். மேலே ஈய வெள்ளை தடிமனாக மூடியிருக்கிறது. முடியின் நிழலிலும் காதோரத்திலும் அந்தப் பழுப்பை அப்படியே வெளியே தெரிய விட்டிருந்தால்? அது பிசினில் கட்டியது. மேலே மஞ்சளித்த வார்னிஷும் பிசின். ஒன்றைக் கரைக்கும் திரவம் மற்றதையும் கரைக்கும். லீலி பாணிப் படங்களில் முகம் மெழுகுபோல் பளிச்சென்று இருக்க, முடி மட்டும் கந்தலாக, அடிப்பூச்சின் மணல்நிறம் எட்டிப்பார்க்க நிற்பதற்கு இதுவே காரணம் என்பது எங்கள் கணிப்பு. கன்னத்துக்கும் கழுத்துக்கும் இடையிலான மென்நிழல் போனால் முகம் முகமூடியாகிவிடும். பிறகு ஒருவர் வந்து அந்த நிழலைத் தன் கையால் போடுவார். அதோடு சாயலும் போய்விடும்.

ஆகவே சுத்தம் செய்யும் சோதனை எப்போதும் நிறத்துக்கு நிறம் தனித்தனி. முதலில் புற ஊதா விளக்கில் படம் முழுவதும்: பழைய பிசின் வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிற்காலத் திருத்தங்கள் பெரும்பாலும் கருந்திட்டாக நிற்கும், அரக்கு இருந்தால் ஆரஞ்சு. வார்னிஷ் கனமாக இருந்தால் அதற்கு அடியில் உள்ள பழைய திருத்தம் இந்த விளக்குக்குத் தெரியாது. கொஞ்சம் மெலிந்த பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். பிறகு மேற்பரப்புத் தூசியை நீர் சார்ந்த கரைசலால் நீக்கி, வீரியம் குறைந்த கரைப்பான் கலவையிலிருந்து தொடங்கி, தீக்குச்சித் தலையளவு பஞ்சில் ஓரத்தில் சோதனை. ஈய வெள்ளைப் பகுதி எதையும் தாங்கும், அங்கே வெற்றி கண்டு ஏமாறக்கூடாது. பஞ்சில் மஞ்சள் வந்தால் வார்னிஷ். ரோஜா நிறமோ காபி நிறமோ வந்தால் அந்தக் கணமே நிறுத்தம். முடியிலும் சிவப்பு நிழலிலும் வார்னிஷை முழுவதும் எடுக்காமல் மெல்லிய படலம் விட்டுவைப்பது சோம்பேறித்தனம் ஆகாது.

பின்துணி ஒட்டுவதில் நடந்த சேதமும் கொஞ்சநஞ்சமில்லை. மாவும் தோல் பசையும் சேர்த்துச் சூடான இஸ்திரியால் அழுத்தியதில் தூரிகையின் புடைப்பு நசுங்கி, துணியின் பின்னல் முகத்தில் பதிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பரவிய தேன்மெழுகும் பிசினும் கலந்த முறை, வெளிர் அடிப்பூச்சையும் மூலத் துணியையும் நனைத்து நிரந்தரமாகக் கறுக்க வைத்தது. 1974இல் கிரீன்விச்சில் கூடிய மாநாட்டுக்குப் பிறகுதான், தேவையில்லாமல் ஒட்டுவதை நிறுத்துங்கள் என்ற குரல் துறையில் எடுபட்டது. கிழிசலை நூல் நூலாகச் சேர்த்து, ஓரத்துக்கு மட்டும் பட்டைத்துணி ஒட்டிச் சமாளிப்பது இன்றைய வழி.

பெயர்

மிச்சமிருப்பது அடையாளம். நீளமான கண்ணிமையும் வழுக்கும் பட்டுமாக இருக்கும் அக்காலத்துப் பெண் படங்களுக்குப் பின்னாளில் உரிமையாளர்கள் வைத்த பெயர், பாதி நேரம் மன்னரின் இன்னொரு ஆசைநாயகி நெல் க்வின், மீதி நேரம் பார்பரா. மன்னரின் ஆசைநாயகி என்றால் விலையும் கூடும், விருந்தில் சொல்லக் கதையும் இருக்கும். கித்தானின் மூலையில் எழுதிய பெயரை உருப்பெருக்கியில் பாருங்கள்: எழுத்து வெடிப்புகளின் மேலாக ஓடி, வெடிப்புக்குள் மை இறங்கியிருந்தால், படம் காய்ந்து வெடித்தபின் எழுதியது. பூச்சோடு சேர்ந்து எழுத்தும் வெடித்திருந்தால்தான் அதற்கு மதிப்பு.

பார்பரா விஷயத்தில் ஒப்பிட ஓரளவு நல்ல சரடு உண்டு: லீலியின் மினர்வா படம், பெயரோடு வெளிவந்த ஃபெய்தோர்னின் அச்சுப்படம், கணவர் இறந்த 1705 வாக்கில் கைம்பெண் உடையில் நெல்லர் தீட்டிய முதுமைப் படம். மூன்றிலும் பொதுவாக நிற்பவற்றை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். லீலியின் படங்களுக்குள்ளேயே ஒப்பிட்டால் லீலியின் பழக்கத்தைத்தான் கண்டுபிடிப்போம்.

அறிக்கையில் எழுதும்போது 'லீலி' என்றால் முகம் முழுவதும் அவர் கை, மற்றவற்றில் உதவியாளர் இருக்கலாம் என்று பொருள் வைத்துக்கொள்வது நடைமுறை. முகத்திலேயே தயக்கம் இருந்தால் 'லீலியும் பட்டறையும்'. வடிவம் மட்டும் அவருடையது, பூச்சு பட்டறையினுடையது என்றால் 'லீலி பட்டறை'. துணியோ நிறமியோ பிற்காலத்தைக் காட்டினால் 'லீலியைப் பின்பற்றி'. யார் படம் என்பதைத் தனி வரியில், எந்தச் சாட்சியின் பேரில் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வரைந்தவர் பெயரில் உள்ள உறுதி, அமர்ந்தவர் பெயருக்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்ள விடக்கூடாது.